அழிப்பான் துகள்

வியாழன் மாலை. ரீகாவில் மழை.
டிராமை விட்டு இறங்கி வந்தவர்கள்
குடைகளை உதறிப்
பித்தளைத் தொட்டியில் சாய்க்கிறார்கள்.
பேனா கூடாது, வண்ணம் கூடாது,
பென்சில் மட்டும் என்கிறது பலகை.
ஆளுக்கொரு மடக்கு முக்காலி.
என்னுடையதற்கு ஒரு கால் குட்டை.

பெயர் கேட்டார்கள். தாலிவால்திஸ் என்றேன்.
தொழில் கேட்கவில்லை, நல்லதாயிற்று.
பொய்ப்பல் செய்கிறவன் என்றால்
எதிரில் இருப்பவர் உடனே
வாயை மூடிக்கொள்வார்.

கூடத்தின் நடுவே பளிங்கில் ஒருத்தி
ஈரக்கூந்தலைப் பிழிந்துகொண்டிருக்கிறாள்,
நூறு வருடமாகச் சொட்டாத தண்ணீர்.
மூக்கு நுனி உடைந்து போயிருக்கிறது.
"இருபது நிமிடம்" என்று
கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள் விஸ்மா.
அப்புறம் பேச்சில்லை,
பரண் முழுக்க எலிகள்
காகிதம் கொறிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

முன்னால் இருந்த பையன் சிலையின் முதுகை வரைந்தான்.
அவனுக்குப் பின்னால் இருந்தவள் அவன் முதுகை.
துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் எத்வின்ஸ்
சிலைப் பக்கம் திரும்பவே இல்லை.
சுவரோரத் தீயணைப்புக் குடுவையை
அதன் ரப்பர்க் குழாயின் சுருக்கம் உட்பட
அப்படியொரு ஆசையோடு வரைந்துகொண்டிருந்தான்.

நான் வாயில் தொடங்கினேன்.
மூடிய உதடுதான். ஆனாலும்
உள்ளே எத்தனை பல், எது சாய்ந்தது என்று
கை தானாகக் கணக்குப் போடுகிறது.
கீழ்த்தாடை இம்மியளவு முன்னால்.
செதுக்கியவன் பார்த்திருக்கிறான்.
பார்த்தும் திருத்தாமல் விட்டிருக்கிறான்.
வாய் வளர்ந்துகொண்டே போனது.
கண்களுக்குத் தாளில் இடமில்லை.

"அழிப்பான் இருக்குமா?"
கொடுத்தேன். பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போய்
கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி
பாதியாகத் திரும்பி வந்தது,
கறுத்து, யார் யாருடைய சூட்டோடோ.

நேரம் முடிந்தது.
நோட்டுகளைத் தரையில் விரித்து வைத்தோம்.
'நன்றாக இருக்கிறது' என்று மட்டும்
யாரும் சொல்லக் கூடாதாம்.
என் தாளில் ஒரு வாய். வெறும் வாய்.
கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை.
"என்னவோ சொல்ல வந்து
வேண்டாம் என்று விட்டுவிட்டாள்" என்றாள் விஸ்மா.
எத்வின்ஸ் தன் பல்லை நாக்கால் தடவிக்கொண்டான்.

காவலுக்கு இருந்த அம்மாள்
சின்னத் துடைப்பத்தோடு வந்தார்.
முக்காலிகளுக்கடியில் குனிந்து
துகள்களைக் கூட்டியபடி,
எங்களிடம் இல்லை, முறத்திடம் சொல்வதுபோல:
"போன வாரம் குதிரை. இரண்டு முறம் விழுந்தது.
விரல்கள் என்றால் ஒன்றரை.
இவளுக்கு எப்போதும் குறைச்சல்தான்.
மூக்கு இல்லை பாருங்கள்."

டிராமில் உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன்,
கால்சட்டை மடிப்பில் கொஞ்சம்
அவர் கணக்கில் வராதது.
தட்டிவிடக் கை போனது.
அதற்குள் என் நிறுத்தம்.