நடுவில் நிற்கும் மேகம்

தவக்காலத் தியானத்துக்கு
ரங்கூனிலிருந்து வந்த சாமியார்
கரும்பலகையில் மூன்று படி வரைந்தார்.
கழுவுதல். ஒளிபெறுதல். ஒன்றாதல்.
நான் கடைசி பெஞ்சில்,
ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு,
விரல் வெடிப்புகளில் உப்புத்தண்ணீர் எரிய.

மோல்மேன் படகுத்துறைக்குப் பின்னால்
ஐஸ் ஃபேக்டரியில் பதினொரு வருசம்.
தகரப் பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி
உப்புத்தொட்டிக்குள் இறக்குகிறவன்.
உறைவது ஓரத்தில் தொடங்கும், சாமி.
கண்ணாடிச் சுவர் வளர வளர
தண்ணீர் தன் அழுக்கையெல்லாம்
உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.
கடைசியில் பாளத்தின் நடுவில்
ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை மூட்டம்.

எனக்கும் ஓரம் முதலில் தெளிந்தது.
குடியை விட்டேன்.
கோ சோ மின்னிடம் வாங்கிய கடனை அடைத்தேன்.
வெள்ளிதோறும் ஒருசந்தி.
ஒரு விடியலில் இறால் பெட்டிமேல்
பாளத்தைச் சாய்த்து நிறுத்தினேன்.
வெயில் அதற்குள் புகுந்து
கோணி, இறால் மீசை, என் கிழிந்த கையுறை
எல்லாவற்றையும் எரிக்காமல் எரிந்தது.
அன்று யாரிடமும் பேசவில்லை.
காய்ச்சலா என்று
நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் பிலோமியாள்.

இரண்டாம் படி என்று
எண்ணிக்கொண்டேன்போல.

பிறகு கரண்ட் போயிற்று.
மீ பியெட் என்பார்கள் இங்கே:
தீ கெட்டுப்போச்சு.
ஊருக்குப் போனது
எப்படியும் நடுச்சாமத்தில் வந்துவிடும்.
எனக்குப் போனது
மூன்று மழைக்காலம் வரவில்லை.
ஜெபமாலை மணிகள் புளியங்கொட்டை.
நற்கருணை நாக்கில் வெறும் மாவு.
ஆண்டவரே என்று கூப்பிட்டால்
என் குரல்தான் எனக்குக் கேட்டது,
அதுவும் அடுத்தவன் குரல் மாதிரி.

பெரிய ஃபேக்டரிகளில்
குழாய் விட்டு அந்த நடுத்தண்ணீரை
உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம்.
எங்களிடம் குழாய் இல்லை.

போன ஆடி மழையில் ஓர் இரவு
கம்ப்ரஸர் நின்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.
இருட்டில் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.
ஜெபிக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள் சாமி,
ஜெபிக்கவில்லை.
ஏற்றி வைத்த பாளங்கள் உருகிக்கொண்டிருந்தன.
தெளிந்த சுவரும் மூட்டமும்
ஒரே சாக்கடை வழியாக
தன்லுவின் ஆற்றுக்குப் போகிற சத்தம்.
கொஞ்ச நேரத்தில்
கேட்கிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.
தேடவும் தோன்றவில்லை.

தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள்:
மீ லா ப்யீ! தீ வந்தாச்சு!
பல்பு எரிந்தது. மோட்டார் காத்திருந்தது.
நான் எழுந்து போடவில்லை.

அரை நாள் கூலி பிடித்தார்கள்.