எந்த வாசல்

மே மாதம் எனக்கு மூன்று வயதுகளின் மாதம்.
பள்ளத்தூர் இ-சேவை மையத்தில்
ஒற்றை மின்விசிறிக்குக் கீழே
பிறப்புச் சான்றிதழ்கள் படபடக்கும்.
பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும்
யாராவது ஒருவரின் உள்ளங்கை.

ஜூலை முப்பத்தொன்றில் மூன்று நிறைந்திருக்க வேண்டும்.
ஆகஸ்ட் ஒன்று என்றால் அடுத்த வருசம் வாங்க.
அந்த ஒரு நாளுக்காக ஒரு தகப்பன்
என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்,
அவர் மனைவியின் வலியை நான்தான்
நள்ளிரவுக்கு அப்பால் தள்ளிவைத்தது போல.

பாண்டிச்செல்வி வந்தது அவருக்கு அப்புறம்.
மஞ்சப்பைக்குள் பாலிதீன் பை, அதற்குள் துணி,
துணிக்குள் மடித்த நிதுஷா.
சான்றிதழில் ஷா, ஆதாரில் சா.
ஆள் நேரிலும் வந்திருந்தாள்,
என் மவுஸ் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

வருமானச் சான்று இருந்தது.
கிராம நிர்வாக அலுவலரைத் தேடி மூணு நடை,
நாலாவதில் கையெழுத்து.
தகப்பன் விவரம் கேட்டது படிவம்.
"திருப்பூர்ல" என்றாள்.
படிவத்துக்கு அது போதவில்லை.
எனக்குப் போதும்.

கடைசியில்தான் வரைபடம் திறந்தது.
தனியார் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம்,
ஒரு கிலோமீட்டர்.
வட்டத்துக்குள் வீடு இருந்தால்
எல்கேஜிக்கு இலவச இடம் கேட்கலாம்.
"உங்க வீட்டைக் காட்டுங்க."
அவள் விரல் கண்ணாடியைத் தொடாமல் நின்றது.

இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற வீடு அது.
உடையவர்கள் கோலாலம்பூரில்,
மாசியில் படைப்புக்கு வந்து போவார்கள்.
சாவிக்கொத்து இவளிடம்.
வட்டத்தின் கோடு
இரண்டாம் கட்டு முற்றத்தின் நடுவே ஓடியது.
முகப்பு உள்ளே.
வளவு உள்ளே.
அவள் உலை வைக்கிற, பிள்ளையைக் கிடத்துகிற
பின்கட்டு வெளியே.

"நாங்க பின்னாடிதான, கிணத்துப் பக்கம்" என்றாள்,
நான் கேட்காத உண்மையை.

பின்வாசலுக்குக் கதவு எண் கிடையாது.
கேஸ் சிலிண்டர்காரனும் முன்னாடிதான் மணியடிப்பான்,
இவள் நான்கு கட்டும் ஓடி வரணும்.
"முன்வாசல் கூட்டுறது யாரு?"
"நாந்தேன்."
"தண்ணி தெளிச்சுக் கோலம் போடுறது?"
"நாந்தேன். இவளும் புள்ளி வைப்பா,
கோணக்கோணலா."

சிவப்புக் குறியை முகப்பில் வைத்தேன்.
கணினி யோசித்தது,
ஒரு பச்சை டிக் போட்டது.

ராத்திரி சோறு பிசையும்போது நினைத்தேன்,
அது பொய்யா?
கூரை ஒன்று, வரி ரசீது ஒன்று.
ஆனாலும் ஒரு வீட்டுக்குள்
யார் எவ்வளவு உள்ளே என்பதை
அந்த வீடு கட்டியபோதே அளந்துதானே கட்டியிருக்கிறார்கள்.
அவர்கள் அளவில் நான் கை வைத்தேனா,
அரசாங்கத்தின் அளவிலா?

அந்த வட்டம் மட்டும் என்ன யோக்கியம்?
ஊருணியைத் தண்ணீர்மேல் நடந்து கடக்கிறது.
மூன்று வயதுக் கால்
படித்துறையைச் சுற்றி, ரயில்வே கேட்டுக்குக் காத்திருந்து,
இரண்டு இடத்தில் உட்கார்ந்து,
ஒரு நாய்க்குட்டியை விசாரித்துப் போகும்.
அதை எந்தப் படிவத்தில் எத்தனை மீட்டர் என்று போடுவது?

இனிமேல் குலுக்கல்.
இடம் எத்தனை, பெயர் எத்தனை,
எனக்குத் தெரியாது, அவளும் கேட்கவில்லை.
"ஏறிருச்சா?" என்றாள்.
"ஏறிருச்சு."
ரசீதைத் துணிக்குள் வைத்து
பைக்குள் பைக்குள் போட்டாள்.

நிதுஷா கிளம்பவில்லை.
இதுதான் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டாள் போல,
பெஞ்சில் சம்மணம் கூட்டி
கையைக் கட்டிக்கொண்டாள்.
தூக்கியபோது அழுத அழுகை
கடைத்தெரு திரும்புகிற வரைக்கும் கேட்டது.