ஏ பக்கம், நான்காவது பாட்டு

தேசம்மாவின் முதல் கேசட்டைப் பதிவு செய்தவன் நான்.
புத்தூரில், எலும்பு கட்டும் வைத்தியசாலைக்கு எதிரே
போட்டோ ஸ்டூடியோவின் பின்னறை.
சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டியிருந்தேன்.
வெளிச் சத்தம் ஒரு பொட்டு வராது என்று
பெருமை வேறு.
மைக் முன்னால் நின்றாள். வாய் திறக்கவில்லை.
தண்ணீர் குடித்தாள். மறுபடி நின்றாள்.
"ஒரு சத்தமும் இல்லையே சார்,
எதும்மேல நின்னு பாடறது?"

ஏகாம்பரகுப்பத்தில்
பதினாறு பவர்லூம் ஓடும் கொட்டகையில்
தார் சுற்றுகிறவள்.
நோட்டின் முன்பக்கத்திலிருந்து கூலிக் கணக்கு,
பின்பக்கத்திலிருந்து பாட்டு.
நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும்போது
புது நோட்டு வாங்குவாள்.
படித்தது தெலுங்குப் பள்ளி.
தமிழ்ப் பாட்டையும் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவாள்.
ஐந்தாவது தறி பழுதான வாரம் கட்டிய பாட்டில்
ஒவ்வொரு வரியிலும் ஓர் அடி நொண்டும்.
திருத்தலாமே என்றேன்.
"மெக்கானிக் வரட்டும்" என்றாள்.

மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு
ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.
மூன்று பாட்டு நன்றாக வந்தது.
நான்காவதில், நூல் அறுந்தவளிடம்
முதலாளி கணக்குக் கேட்கும் இடத்தில்
கரண்ட் போனது.
பதினாறு தறியும் இருமி அடங்கின.
என் மெஷின் பேட்டரியில் சுற்றிக்கொண்டிருந்தது.
அவள் நிறுத்தவில்லை.
இருட்டில் அதே வரி, பாதி வேகத்தில்,
யாரோ தீப்பெட்டி உரசும் சத்தம்,
வெளியே ஒருவன் தெலுங்கில் மின்வாரியத்தைத் திட்டுவது,
அவள் மூச்சு.
நான் அதை வெட்டவில்லை.
அந்தக் கேசட்டில் நான் சரியாகச் செய்தது
அது ஒன்றுதான்.

அட்டை திருத்தணியில் அடித்தது.
குரல்: தேசம்மா.
பாடல்: நாட்டுப்புறப் பாடல்.
எழுதியவர் பெயர் போட்டால்
கையெழுத்து, பத்திரம், ஐந்நூறு ரூபாய்.
எனக்கு அது மிச்சம்.

வந்தாள்.
முறுக்குப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கேட்டாள்:
"நாட்டுப்புறம்னா யாரு சார்?
எந்தக் கொட்டாயில வேலை அந்தம்மாக்கு?
ராத்திரி மூணு மணிக்கு நான் எழுதச்சொல்லோ
எங்க இருந்துச்சு?"
வழக்கம் அப்படி என்றேன்.
எல்லாருக்கும் சொந்தமான பாட்டு என்றேன்.
"எல்லாருன்னா அதுல நானும் உண்டுதான?
எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இல்ல?"

விற்காமல் கிடந்தது இருநூற்றுப் பன்னிரண்டு.
தரையில் உட்கார்ந்து
ஒவ்வொரு அட்டையாக அடித்து எழுதினாள்,
தெலுங்கில், தன் பெயரை.
நூற்றி நாற்பதுக்கு மேல் மை தீர்ந்தது.
மீதி பச்சைப் பேனாவில்.
நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்,
வேறு என்ன செய்வது.

இரண்டாவது கேசட் சென்னைக் கம்பெனி.
தமிழா தெலுங்கா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள்.
"பஸ் டிக்கெட்டா, பார்டர்ல கிழிச்சு வேற எடுக்கறதுக்கு?"
அவர்களே கிழித்துக்கொண்டார்கள்,
பாட்டுக்கு இரண்டு சரணம்.
மூன்றாவது வரவே இல்லை.
மாஸ்டர் டேப் என்னிடம்தான் இருந்தது.
மச்சினன் கல்யாணத்தன்று
காலி டேப் கிடைக்காமல்
அதன்மேல் நாதஸ்வரம் பிடித்துவிட்டேன்.
இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் நகரியில் ஷேர் ஆட்டோவில்
நான்காவது பாட்டைக் கேட்டிருக்கிறாள்.
எவனோ எடுத்து டிரம்ஸ் சேர்த்திருக்கிறான்.
கீழே பெயர்: மரபுப் பாடல்.
பெயருக்காகத்தான் போன் என்று நினைத்து
பதில் தயாராக வைத்திருந்தேன்.

"சார், அதுல கரண்ட்டே போவல" என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் பேச்சில்லை.
அவள் பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது.
எண்ணிப் பார்த்தேன்,
ஐந்தாவது இன்னும் நொண்டுகிறது.