வெள்ளிக்கிழமைக்குள்

பள்ளிப் பையின் அடியில்
வாழைப்பழக் கறையோடு கிடந்தது பாரம்.
படிவம் ஒன்று மாணவிகளுக்கு மட்டும்.
வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும்.
இன்று வெள்ளிக்கிழமை.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு முடித்து
தொழிற்சாலைப் பஸ்ஸில் தூங்கித் தூங்கி
ரெலாவ் வந்து
பதினோராவது மாடி ஏறியவள்
சப்பாத்தைக் கழற்றாமல் படித்தேன்.

பங்கால் ரஹிம் என்கிறது மலாய்.
கருப்பையின் அடி.
தமிழில் அதையே வாய் என்கிறோம்.
அடியோ வாயோ
முப்பத்தொன்பது வருடமாய்ச் சுமக்கிறேன்,
ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கீழே இரண்டு கட்டங்கள்.
செத்துஜு. தீடாக் செத்துஜு.
சம்மதம் என்கிற அந்தச் சொல்லைத்
தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன்.
'செத்து' என்று தொடங்குகிறது.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

சுங்கை பட்டாணியிலிருந்து அண்ணி
நேற்றே குரல் அனுப்பியிருந்தாள், மூன்று நிமிடம்.
"பதிமூணு வயசுப் பிள்ளைக்கு
அந்த ஊசி எதுக்கு இப்பவே?
நாளைக்குக் கட்டிக் கொடுக்கிற எடத்துல
ஏன் போட்டீங்கன்னு கேட்டா?
பிள்ளை தங்காதுன்னும் சொல்றாங்க."
யார் சொல்றாங்க என்று அண்ணி சொல்லவில்லை.

இவர் டிரெய்லரோடு கிள்ளானில்.
"நீயே பாத்துப் போடு" என்றார்.
ஊசியையா கையெழுத்தையா
என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கிளினிக்கில் தாதி அவசரத்தில் இருந்தாள்.
கை வலிக்கும், சிலருக்கு மயக்கம் வரும்,
உட்கார வைத்துத்தான் போடுவோம் என்றாள்.
இப்போதே ஏன் என்றேன்.
"உள்ளே வந்துவிட்டதை
இந்த ஊசி வெளியே அனுப்பாது, அக்கா.
அதனால்தான் இப்போதே."

என் வேலை நுண்ணோக்கியில் பார்ப்பது.
நகத்தைவிடச் சிறிய சில்லு,
அதில் மயிரைவிட மெல்லிய கீறல்.
இது ஆகும், இது ஆகாது என்று
ராத்திரி முழுக்க ஒதுக்குகிற கண்
ஒற்றைத் தாளின் முன்னால் கூசுகிறது.

தவமலர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள்.
இடுப்பு வலி இடுப்பு வலி என்றபடி
ஓவர்டைம் ஒன்றையும் விடாதவள்.
ஆண் டாக்டர் என்று
இரண்டு தடவை வாசலோடு திரும்பியவள்.
அவள் சாவு வீட்டில்
என்ன நோய் என்று கேட்டவர்களுக்கு
வயிற்றில் கட்டி என்றார்கள்.
எங்கே என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.
எனக்குத் தெரியும்.
நானும் வயிறு என்றுதான் சொன்னேன்.

லோஷினி எழுந்து வந்தாள், தலை வாராமல்.
தன் பகுதியை அவளே நிரப்பியிருக்கிறாள்.
எடை முப்பத்தெட்டு.
ஒவ்வாமை: இறால்.
"எல்லாரையும் கேட்டீங்க,
என்னைக் கேக்கவே இல்ல."
சரி, சொல்லு.
"ஊசின்னா பயம். போட்டுக்கறேன்.
பெய் சி என் கையப் பிடிச்சுக்குவா."
மைலோவைக் கலக்கிக்கொண்டே
"உங்களுக்குப் போட்டாங்களாம்மா?"

இல்லை.
எங்க காலத்துல இந்தப் பாரம் வரல.

பேனா ஓடவில்லை.
மின்சார பில்லின் முதுகில் கிறுக்கிக் கிறுக்கி
முதல் கட்டத்தில் கோடு போட்டேன்.
கையெழுத்தில் பாதி நீலம்,
மீதி அவளுடைய பென்சில் பெட்டியிலிருந்து ஊதா.
பள்ளிப் பஸ் ஹாரன் அடித்தது.
தாளை மடிக்காமல் பிடித்தபடி ஓடினாள்,
லிஃப்ட் கதவுக்குக் காலைக் கொடுத்து.

அண்ணிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

கைப்பையின் உள் ஜிப்பில்
கிளினிக் கொடுத்த இன்னொரு சீட்டு,
என் பெயர் போட்டது, நாலாய் மடித்தது.
வரச்சொன்ன தேதி போய் இரண்டு வருடம்.
எடுத்து மேசைமேல் விரித்து
மைலோ டின்னைப் பாரமாய் வைத்தேன்.

பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினேன்.