அடி தட்டவில்லை

ஒன்பதாம் தொகுதி, இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.
வாயில்காப்போன் விளக்கைத் தாழ்த்திச் சொல்கிறான்:
இந்தத் துறையில் கட்டிக் கிடக்கும் உலகங்கள்
முசூ.
அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் சண்டை.

எங்களுக்கும் அந்த இடத்தில்தான் தொடங்கியது,
ஏகாம்பரம் வீதியில், மருந்துக்கடையின் மேல்மாடியில்,
ஜப்பானிய வகுப்பு முடிந்து
மின்விசிறியை நிறுத்திய பிறகு.
முடிவில்லாதவை என்றாள் யசோதினி.
எண்ணில்லாதவை என்றேன்.
ரெண்டும் ஒண்டுதானே, சோதனைக்கு வராத சொல்லுக்கு ஏன் மல்லுக்கட்டு என்று
பர்ஹான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு
கிண்ணியாவுக்குப் போய்விட்டான்.

ஒன்றல்ல.
பலகையில் எழுதிக் காட்டினேன்:
இல்லை என்றோர் எழுத்து, எண் என்றோர் எழுத்து.
முடிவிலிக்கு இரண்டாம் எழுத்து வேறு; அது எல்லை.
எண்ண ஆளில்லாத குவியல் பெரிதுதான்.
ஆனாலும் அதற்குக் கடைசி மணல் ஒன்று உண்டு.

'எண்ணிறந்த' என்று தமிழில் ஒரு பழஞ்சொல் இருக்கிறது,
அதைப் போடலாமா என்றேன்.
"அது வேணாம்" என்றாள்,
நான் சொல்லி முடிக்கும் முன்பே.

கதையில் ஒரு தட்டுக்கு ஏழாயிரம் உலகங்கள்.
தட்டுகளை அடுக்கினால் கோபுரம்.
கோபுரங்கள் முளைத்த கடலோ
யாரோ ஒருத்தியின் தேநீர்க் கோப்பைக்குள்.
ஐந்தாம் தொகுதியில் அவள் அதைக் கழுவி வைக்கிறாள்.
நான் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக் கணக்குப் பார்த்தேன்,
காட்டுக்குள் துருவேறி, இலக்கமிட்டு நிற்பவை:
ஒரு தாங்கிக்கு எத்தனை கடுகு,
கடுகு ஒன்று உலகமானால் எத்தனை தாங்கி.
மூன்று இரவு. ஒரு கொப்பி.
கடுகுக் கணக்கன் என்று எனக்குப் பெயர் வைத்தாள்.

பகலில் நான் துறைமுகப் படகில் ஆழம் குறிப்பவன்.
இங்கே கடல் படிப்படியாக இறங்குவதில்லை,
பேச்சை இடையில் நிறுத்துகிறவர் மாதிரி
சட்டென்று விழுந்துவிடும்.
பழைய வரைபடத்தில் சில எண்களின் தலையில்
ஒரு கோடும் அதன்மேல் ஒரு புள்ளியும் இருக்கும்.
இத்தனை பாகம் கயிறு விட்டோம், அடி தட்டவில்லை
என்பது அதன் பொருள்.
அடியே இல்லை என்பதற்கு
அந்த வரைபடத்தில் குறி கிடையாது.

இதை வெற்றிபோல அவளிடம் சொன்னேன்,
கடற்கரையில், மான் ஒன்று
எங்கள் கடலைப் பொட்டலத்தை மோந்துகொண்டிருக்கையில்.

அவள் வெறுங்காகிதத்தை மானுக்கு எட்டாமல் மடித்தாள்.
மடித்ததையே திரும்ப மடித்தாள்.
"ரெண்டாயிரத்து ஆறுல சம்பூரில இருந்து ஓடேக்க
அண்ணா சைக்கிள எடுத்துட்டு வாறனெண்டு திரும்பிப் போனவன்.
இப்ப ஒரு சான்றிதழ் குடுக்கிறாங்க.
செத்ததெண்டு இல்ல, காணேல்ல எண்டு.
அம்மா கையெழுத்து வைக்கேல்ல.
உன்ட எண்ணில்லாததுல
எல்லா உலகத்துலயும் அவன் திரும்பிப் போயிருக்கலாம்.
முடிவில்லாததுலயெண்டா
ஒண்டுலயாவது சில்லுல காத்துப் போயிருக்கும்.
சனியன் கிடக்கட்டுமெண்டு வந்திருப்பான்."

இரட்டை எண்களுக்கும் முடிவில்லை.
அவற்றுள் ஒரு மூன்றுகூடக் கிடையாது.
எனக்கு அது தெரியும்.
மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூதூர்க்கடைசி பஸ்ஸுக்கு அவள் எழுந்தபோது
மொழிபெயர்ப்புக் கொப்பியை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.
வாயில்காப்போனின் வரியில்
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்,
நான்கைந்து எழுத்துக் கொள்ளும் அளவு.
மணிக்கூட்டுக் கோபுரத்தடி வெளிச்சத்தில்
பென்சிலைத் தேடி எடுத்தேன்.
இடத்தை நிரப்பவில்லை.
அதன் தலையில் ஒரு கோடு.
கோட்டின்மேல், அழுத்தாமல், ஒரு புள்ளி.