முழங்கை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கீழக்கரைத் தெருக்களில் வீடு வீடாக ஏறி
மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறவன் நான்.
எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் பாக்கி,
எந்த வீட்டில் ஆளில்லாமல் சக்கரம் நிற்கிறது,
எல்லாம் அத்துப்படி.
ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேறு கணக்கு.

கேமரா, சார்ஜாவிலிருந்து வந்த ஒருவர் விற்றது.
ஆறாயிரம் ரூபாய், மூன்று தவணை.
உப்புக்காற்றில் அதன் பொத்தான் ஒன்று இறுகிவிட்டது.
மேகம், இரவு என்று எதைத் திருகி வைத்தாலும்
அது வெயிலைத்தான் எடுப்பேன் என்கிறது.
இந்தக் கரையில் அதனால் பெரிய நஷ்டமில்லை.

பாம்பன் பாலத்தை நான் எடுத்ததே இல்லை.
அதற்கு ஊர் ஊராய் வருகிறார்கள்.
நான் எடுத்தது,
பாலத்துக்கு முதுகைக் காட்டிப் பல் துலக்கிக்கொண்டிருந்த
லாரி கிளீனரை.
தனுஷ்கோடியில், தண்ணீர் பாட்டிலில் கடலைப் பிடித்து
மூடியை இறுக்கித் திருகிக்கொண்ட
வடநாட்டுப் பையனை.
திருப்புல்லாணி பஸ்ஸில்
கருவாட்டுக் கூடையிடமே டிக்கெட் கேட்பதுபோல்
குனிந்த கண்டக்டரை.

சின்னப்பாலத்தில் பாசி எடுத்துக் கரையேறிய இருளாயி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னாள்:
"மூஞ்சி எதுக்கு, எங்க வீட்டுக்காரரே அதப் பாக்குறதில்ல.
கைய எடு."
விரல்களில் சுற்றியிருந்த துணியை
ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பாறை கீறிய வெள்ளை வரிகள்.
எடுத்தேன். ஃபோகஸ் தப்பிவிட்டது.
இன்னொரு தடவை பிரிக்கச் சொல்ல
வாய் வரவில்லை.

நல்ல படம் என்று ஒன்று உண்டு.
கடற்கரைத் தெருவில் ஒரு வெள்ளை நாய்,
வலைக்குவியலுக்குள் தலையைப் புதைத்து
ஒற்றைக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தது.
அரைமணி நேரம் குத்துக்காலிட்டு எடுத்தேன்.
ஆபீஸ் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

பில் கட்ட வந்த மர்சூகா
மீதிச் சில்லறையை வாங்காமல் நின்றாள்.
நாயை அவள் பார்க்கவில்லை.
இடது ஓரத்தில், படத்தைவிட்டுப் பாதி வெளியேறி,
சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கியபடி
ஒரு முழங்கை.
வெட்டிவிட நினைத்துச்
சோம்பலில் நான் விட்டது.

"இந்தத் தழும்பு எங்க வாப்பாவுக்குத்தான்.
நோன்புக்கு முந்தி மவுத்தாயிட்டாக."
சீனி உதுமான், பஞ்சர் கடை.
படமென்றாலே எழுந்து போய்விடுவாராம்.
இருப்பது ஆதார் அட்டையில் ஒன்று;
அதில் எல்லாரையும்போல அவரும்
பிடிபட்டவர் மாதிரி விழிக்கிறார்.

"நாய எடுத்துட்டு இத மட்டும் பெருசாக்கலாமா?"

பெருசாக்கினேன்.
பெருகப் பெருகக் கை கரைந்தது,
தழும்பு புள்ளிகளாய்ச் சிதறிப் போனது.
ஆனால் வாளியில், டியூபை ஒட்டி,
இத்தனை நாள் நான் பார்க்காத ஒரு குமிழி.
காற்றுப் போகிற இடத்தை
அவர் அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

அடுத்த கணக்கெடுப்பில் அவள் வீடு.
படம் சுவரில் இல்லை. நானும் கேட்கவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட்,
அட்டையில் எழுதிவிட்டுச் செருப்பை மாட்டும்போது
உள்ளேயிருந்து சொன்னாள்:
"ஒங்க நாய் குட்டி போட்டிருக்கு.
நாலு. கடைக்குள்ளதான்."

போய்ப் பார்த்தேன்.
பூட்டிய கடையின் ஷட்டர்
ஒரு முழம் மேலே தூக்கி நின்றது, அடியில் செங்கல்.
இருட்டுக்குள் வாளி, பம்பு, தொங்கும் டியூப்கள்,
எங்கோ சின்னச் சின்ன மூச்சு.
அன்று செவ்வாய்க்கிழமை.
கையில் மீட்டர் புத்தகம் மட்டும்தான் இருந்தது.
குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன்.