பாக்கி

பதினோரு வருஷம் அந்த நிறுத்தத்தை
நான்தான் கூவியிருக்கிறேன்.
காந்தி மண்டபம் தாண்டியதும்
"கேன்சர் ஆஸ்பத்திரிலாம் எறங்கு",
விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில்,
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் மாதிரி.
யார் இறங்கினார்கள் என்று பார்த்ததில்லை.
ஃபைலை மஞ்சப்பையில் சுருட்டி வைத்திருப்பவர்கள்
மெதுவாக இறங்குவார்கள், வண்டி லேட்டாகும்.
அவ்வளவுதான் தெரியும்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை
அங்கே நானும் இறங்கினேன்.
காக்கி இல்லை. தோல்பை இல்லை.
பூங்காவனத்தின் கை மட்டும்.
வேறொருத்தன் விசில் ஊத
வண்டி போனது.

உள்ளே ஒரு ஊரே இருக்கிறது.
மரத்தடியில் பாய், தூக்குவாளி,
கிளையில் காயும் துண்டு,
நெல்லூர்க்காரியிடம் ஊசிநூல் கேட்கும் திண்டிவனத்துக்காரி.
எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு?
தினம் ஆயிரம் பேருக்கு வழி சொன்னவன்
ஒரு நடைபாதையில்
வழி தெரியாமல் நின்றேன்.

சொன்னது நஸ்ரீன்.
டாக்டரில்லை, நர்ஸில்லை.
தங்கச்சிக்காக வந்து
தங்கச்சி போன பிறகும் வருகிறவள்.
காப்பீட்டு அட்டைக்கு இன்னின்ன காகிதம்,
வெட்டிய மார்பின் இடத்தில் வைக்க
பஞ்சு தைத்துத் தரும் வீடு கோட்டூர்புரத்தில்,
மருந்து ஏற்றிய அன்று தாளிக்காதீர்கள்,
வாசனையே குமட்டும்.
எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்:
"நீங்க சாப்ட்டீங்களா?"
நாற்பது நாளாய் யாரும் என்னைக் கேட்காதது.
சாப்பிட்டேன் என்றேன்.
நம்பாமல் ஒரு பன்னைக் கையில் திணித்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு
பின்கட்டில் ஓர் அறை.
கூட வந்தவர்களுக்கு மட்டும்.
முதல் வாரம் நான் ஃபேனைப் பார்த்தேன்.
இரண்டாவது வாரமும் ஃபேனைத்தான்.
அடுத்த வாரம் பல்லாவரத்து ஆல்பர்ட் சொன்னார்:
"ராத்திரி எங்கம்மா கூப்ட்டப்போ
தூங்குற மாதிரி நடிச்சேன்."
யாரும் சீ என்று சொல்லவில்லை.
யாரோ தண்ணீர் பாட்டிலை
அவர் பக்கம் நகர்த்தினார்கள்.
பிறகு நானும் ஒன்று சொன்னேன்.
என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

பூங்காவனம் மொட்டைத் தலையைத் தடவி
"திருப்பதி போற செலவு மிச்சம்" என்று சிரித்தாள்.
பிறகு ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.
இப்படியும் நடக்கும் என்று
நஸ்ரீன் முன்பே சொல்லியிருந்ததால்
நான் கோபப்படவில்லை.
கொஞ்சம்தான் பட்டேன்.

ஆடியில் டூட்டிக்குத் திரும்பினேன்.
சில்லறை இல்லாவிட்டால்
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தருவோம், தெரியுமே,
இறங்கும்போது வாங்கிக்கொள் என்று.
பாதிப்பேர் மறந்து இறங்கிவிடுவார்கள்.
அந்த மூன்று ரூபாய்கள்
எங்கே போய்ச் சேருகின்றன என்று
நானும் யோசித்ததில்லை.

இப்போதும் எழுதுகிறேன்.
ஃபைல் பிடித்த கை நீளும்போது மட்டும்
கொஞ்சம் கூடுதலாக:
நஸ்ரீன் நம்பர்.
ராத்திரி படுக்க இடம் தரும் சத்திரம்.
சனி மூணு மணி, ஃபேன் சத்தம் போடும், போ.
டிக்கெட்டோ விரலகலம்.
என் எழுத்தோ கோழி கிளறியது.
கிண்டி வளைவில் வண்டி சாயும்போது
ஒரு எண் ஏழா ஒன்றா என்று
எனக்கே சந்தேகம் வரும்.
அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன்.

நேற்று, செங்கம் பக்கத்துப் பையன் ஒருத்தன்
அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு
டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அண்ணே, பாக்கி எவ்ளோனு எழுதலியே?"
"எழுதியிருக்கேன், படி.
எறங்கி மறந்துடாம வாங்கிக்க."

முன்படியில் நாலு பேர் தொங்கினார்கள்.
உள்ளே வா, உள்ளே வா என்று கத்தப் போனதில்
நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல
விட்டுப்போயிற்று.

டிரைவர் தானாகவே நிறுத்தினார்.